மீன் மேடையில் முதல் போணி

1978 பிப்ரவரி 6, திங்கள்

பகலெல்லாம் நெல் அவித்து முதுகு விட்டுப்போச்சு. சாயந்திரம் வளையல் விற்க ரஹீமா வந்தாள். இவர் களத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னாள்: "பாண்டி பெரிய மார்க்கெட்ல மீன் பக்கத்த புதுசா கட்டிட்டாங்கம்மா. ஒங்க அமுதத்துக்கு ஒரு மேடை கெடச்சிருக்கு. ஞாயித்துக்கெழம மொத மொத கட போடுது."

என் பெண் அமுதம் மாரிமுத்துவோடு போய் மூன்று வருஷம். அவன் மீனவப் பையன். முட்டைகூட நுழையாத வீடு இது. "அவ பேச்ச எடுத்தா நான் வூட்ட வுட்டுப் போயிடுவேன்" என்ற மனுஷன் இன்னும் இறங்கி வரவில்லை. நான்தான் ஏன் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்?

பிப்ரவரி 8

கரையாம்புத்தூரில் யார் நடவு நட்டாலும் முதல் நாற்று என் கையால்தான். புதுக்கடை என்றால் முதல் போணியும் நான்தான். கனகாம்பாளுக்குக் கைராசி என்பார்கள். பெற்ற பெண்ணுக்கு மட்டும் அது கிடையாதா? இவரிடம் வில்லியனூர் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

முதல் பஸ்ஸில் பாண்டிக்குப் போய் இறங்கினேன். முன்பெல்லாம் பூனை மட்டும் திரிந்த மார்க்கெட் தெருவா அது! வெள்ளையடித்த வீடுகள், பூக்கடை, டீக்கடை, ரேடியோ பாட்டு. மார்க்கெட்டுக்குள் சிமெண்ட் மேடை, டியூப் லைட். அமுதம் இளைத்துப் போயிருக்கிறாள். என்னைக் கண்டதும் அவள் கண் கலங்கியது. பார்த்தேன், பொய்யில்லை.

"இன்னா வேணும்?"

"போணி பண்ண வந்தேன்டி. இது இன்னா வெல?"

விலையைச் சொல்லி, ஒரு மீனைத் தூக்கி என் கையில் வைத்தாள். சில்லென்று இருந்தது. விரலிடுக்கில் ரத்தம் — குமட்டிவிட்டது. போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

பின்னால் அவள் குரல். "போணி நேரத்துல வெல கேட்டுட்டு வாங்காம போறியே, நீ நல்லா இருப்பியா?"

ஐயோ, முதல் நாளே அவள் கடையில் வாங்காமல் போனது நானா? வாழ்த்தப் போன நானா?

பிப்ரவரி 13

சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 20

அன்றைக்குப் பாதி மீன் விலை போகவில்லையாம். "எங்கம்மா கையாலயே வெளங்காம போச்சே"ன்னு அழுதாளாம். ரஹீமா இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். மேலத்தெருவில் புதுக்கடைக்குப் போணி பண்ணக் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பாவி கை.

மார்ச் 5, ஞாயிறு

மனசு கேட்கவில்லை. மறுபடியும் முதல் பஸ். அமுதம் அப்போதுதான் மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். உடனே அடுத்த மேடைக் காசம்மாளைக் கூப்பிட்டாள்.

"யக்கா, சீக்கிரம் வா. ஒரு மீன் எடுத்து எனக்குப் போணி பண்ணி வுடு."

காசம்மாள் கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா வேணும்?"

எதையாவது குடு என்றேன். நறுக்கிக் கழுவி இலையில் கட்டிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். குமட்டவில்லை. அவள் அம்மா என்று கூப்பிடவில்லை. "பஸ்ல நாறும். சன்னலோரமா ஒக்காரு" என்று மட்டும் சொன்னாள்.

பொட்டலத்தை ரஹீமா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறும் போவேன். காசம்மாள் போணி பண்ணி முடிக்கிறவரை தூண் மறைவில் நின்றுகொள்வேன்.