லாரி வராத பதினோரு நாட்கள்

என் வீட்டுக்காரருக்கு,

கடவுள் கருணையால் நானும் பிள்ளைகளும் சுகம். உங்களை விட்டுவிட்டார்கள் என்று நேற்று மதியம் வக்கீல் போன் செய்தார். சரிங்க, சரிங்க என்று மட்டும் சொல்லி வைத்தேன். அதன்பிறகுதான் அழுகை வந்தது. அழுது முடித்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

நடந்தது உங்களுக்கே முழுதாகத் தெரியாதாம். போன மாதம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். நிவாரணக் கூடாரங்களை விற்றுத் தின்ற கிடங்குக்காரர் என்று முதல் பக்கத்தில் உங்கள் படம் போட்டார்களே, அதே பத்திரிகை. வாசலிலேயே நிறுத்தி, எழுத இன்னும் என்ன மிச்சம் என்று கேட்டேன். உங்கள் அதிகாரி நீட்டிய காகிதத்தை அப்படியே அச்சடித்துவிட்டதாகவும், இப்போதுதான் விசாரிக்க வந்திருப்பதாகவும் சொன்னாள். எந்த வகுப்பு வரை படித்தீர்கள் என்றாள். பொட்டலம் கட்டி வரும் காகிதம் வரை, அதிலும் உங்கள் பத்திரிகைதான் அதிகம் என்றேன். சிரித்தாள். உள்ளே விட்டேன்.

தினமும் போனில் நீங்கள் சொன்னதைப் பிரார்த்தனை நோட்டில் தேதி போட்டு எழுதுவேன் அல்லவா? இன்று முப்பது குடும்பத்துக்குக் கூடாரம் கிடைத்தது, நன்றி. இன்று லாரி வரவில்லை, நாளையாவது வர வேண்டும். அப்படி லாரி வராத நாள் பதினொன்று. அதிகாரியின் கணக்கிலோ அந்தப் பதினோரு நாளும் நீங்கள் சரக்கு இறக்கியிருக்கிறீர்கள். நோட்டை அவளிடம் காட்டினேன். பெண்டாட்டியின் நோட்டு சாட்சியாகாது என்றாள். ஆனாலும் தேதிகளைக் குறித்துக்கொண்டாள். உங்கள் அக்காவின் வாய் அடங்க வேண்டும் என்று வேண்டியிருந்த வரியை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டேன்.

நீங்கள் வேலை பார்த்த ஊருக்கே போய் லாரி டிரைவர்களைப் பிடித்திருக்கிறாள். அந்தப் பதினோரு நாள் லாரிகளும் அதிகாரியின் மைத்துனர் கொட்டகைக்குப் போயிருக்கிறது.

அதை ஏழாம் பக்கத்தில்தான் போட்டார்கள். போகட்டும். எதிர்வீட்டு அம்மா, இனி நிவாரணம் என்று யார் வந்தாலும் பத்துப் பைசா தரமாட்டேன் என்கிறார். கூடாரம் கிடைத்த குடும்பங்களைப் பற்றியும் எழுதச் சொல்லியிருந்தேன். இடமில்லை என்று வெட்டிவிட்டார்களாம். அதுதான் உறுத்துகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் செய்தி வந்த அன்று நான் பிரார்த்தனைக்கு உட்காரவில்லை. நீங்கள் அனுப்பிய பணத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தேன், சம்பளத்துக்கு மேல் ஏதாவது வந்திருக்கிறதா என்று. வரவில்லை. ஆனாலும் கூட்டிப் பார்த்தேன்.

எங்களுக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம். பகலில், தெருவே பார்க்க, கையை வீசிக்கொண்டு நடந்து வாருங்கள். கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்தபின் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி