இடைவேளையில் நீங்கள் நடந்த நடை

அக்கா,

இன்று அசர் தொழுதுவிட்டுப் பால் வாங்கக் கீழே இறங்கினேன். அஜ்மானில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே இருக்கிற ரவுண்டானாவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய புல்லும் தண்ணீரும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பால் மறந்துபோயிற்று. ராணுவக் கல்லூரி மைதானத்துக்கு முதன்முதலாகப் போன அன்று நீங்கள் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி முகர்ந்தீர்களே, அதுதான் கண்ணில் நின்றது. "நல்லா கவ்வாத்து பண்ணியிருக்கானுங்க தங்கச்சி" என்றீர்கள், இலங்கை ஹட்டன் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மாதிரி.

நீங்கள் மண்ணுக்குள் போன செய்தி வந்த நாளிலிருந்து எழுத வேண்டும் என்றே இருந்தேன். பள்ளியில் பாதியில் நின்றவள் நான். அதற்கப்புறம் படித்ததெல்லாம் சமையலறை மேசையில் நானாகப் படித்தது. வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் கூட்டிச் சொல்ல வராது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நோன்பு மாதத்தில் சமோசா போட்டு வில்லாக்களுக்குக் கொடுப்பேன். அப்படித்தான் உங்களுக்கு விசா கொடுத்த கஃபீல் வீட்டுப் பின்முற்றத்துக்கு வந்தேன். இரண்டு காஸ் சிலிண்டர்களுக்கு நடுவே ஒரு பையனை நிறுத்தி, ரப்பர் செருப்புக் காலால் பந்தை உதைத்துக்கொண்டிருந்தீர்கள். முதலாளியின் மகன். கைக்குழந்தையிலிருந்து நீங்கள் வளர்த்த பிள்ளை. "அம்மா, மெதுவா அடிக்காத. நான் ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல" என்று அந்த அரபுப் பிள்ளை மலையகத் தமிழில் உங்களோடு சண்டை போட்டான். நான் சமோசாத் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றேன்.

அவன் வளர்ந்து ராணுவக் கல்லூரியில் சேர்ந்து, அங்கே கால்பந்து அணியின் கோல்கீப்பரும் ஆனான். அவனைப் பெற்ற மேடத்துக்கு வெயில் ஆகாது. நான் துணைக்கு வருவதென்றால் ஆட்டம் பார்க்கப் போய்வரலாம் என்று உங்களுக்குச் சம்மதம் கொடுத்தார். டிரைவர் நம் இருவரையும் கொண்டுபோய் விட்டார். பெண்களுக்கான கூடாரம் இருந்தும், அவனுடைய கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

இடைவேளை முடிந்து பார்த்தால் அவனை எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தார்கள். நமக்கு என்ன தெரியும்? ஏதோ தப்புச் செய்துவிட்டான், தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தோம். நீங்கள் பிளேன்டீ ஃபிளாஸ்கைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே மைதானத்தைச் சுற்றி நடந்தீர்கள். உட்கார்ந்திருந்த அதிகாரிகள் அத்தனை பேருக்கும் முன்னால். காவலுக்கு நின்றவர் "மாஃபி, மாஃபி" என்று தடுத்து, எல்லைக்குக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பாய், பச்சா உதர் ஹை" என்றீர்கள். பிள்ளை அந்தப் பக்கம் இருக்கிறான் என்பதற்கு மேல் ஒரு காரணம் உங்களுக்குத் தேவைப்படவில்லை. குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய்விட்டீர்கள். நான் வெட்கத்தோடு பின்னால் வந்தேன்.

பாதி ஆட்டத்தில் இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொள்வதுதான் வழக்கம் என்று பிறகு என் மகன் சொல்லி, சிரித்து உருண்டான். உங்களிடம் வந்து சொன்னேன். உங்களுக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. "அன்னிக்குத் தெரியாம நடந்தேன். இனிமே தெரிஞ்சே நடக்குறேன்" என்றீர்கள்.

அந்த சீசன் முழுக்க நடந்தீர்கள். அணிப் பையன்கள் உங்களைப் பார்த்துக் கை தூக்கப் பழகினார்கள். கயிற்றைப் பிடித்து நின்ற அதே காவலர், விசில் ஊதியதும் தானே அதைத் தூக்கிப் பிடிக்கத் தொடங்கினார்.

அப்புறம் அந்தச் செய்தி. பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், வீட்டில் இனி உங்களுக்கு வேலை இல்லை என்று விசாவை கேன்சல் செய்தார்கள். டிக்கெட் போட்டிருந்தது சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள். அவன் போனில் கெஞ்சியும் முதலாளி "கலாஸ்", முடிந்தது என்று வைத்துவிட்டார்.

அன்று நான் கொடுத்தனுப்பிய தட்டை வாங்க வந்து உங்கள் சமையலறையில் நின்றிருந்தேன். லீவு என்றுகூட வாய் திறந்து கேட்டறியாதவர் நீங்கள். கையைத் துடைத்து, தலைத்துணியைச் சரிசெய்து, ஆண்கள் உட்காரும் மஜ்லிஸ் வாசலில் போய் நின்றீர்கள்.

"பாபா, மேட்ச் முதல். சஃபர் பிறகு."

பயணத்தைத் தள்ளிப்போடும் அளவுக்கு ஒரு விளையாட்டு உனக்கு அவ்வளவு பெரிதா என்று முதலாளி கேட்டார். மற்றவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஓடுகிறார்கள், இவன் ஒருத்தன்தான் தனியாக நிற்கிறான் என்று உங்களுக்குத் தெரிந்த அரபியிலும் இந்தியிலும் சொன்னீர்கள். அவர் டிராவல்ஸுக்குப் போன் போட்டு டிக்கெட்டைத் தள்ளிவைக்கச் சொன்னார். திரும்பி வந்து நீங்கள் மீதிப் பாத்திரத்தைக் கழுவினீர்கள்.

கடைசி ஆட்டத்தன்று உங்கள் முழங்கால் வீங்கியிருந்தது. இடைவேளையில் எழுந்திருக்க முடியவில்லை. இங்கிருந்தே பார்க்கலாம் என்றேன். "இந்தப் பக்கம் நிக்கிறது வேற யாரோ பெத்த புள்ள தங்கச்சி. நம்ம புள்ள அங்கல்ல நிக்கிது" என்று என் தோளைப் பிடித்தீர்கள். நாம் பாதி வழி போவதற்குள் எல்லாரும் களத்துக்கு வந்துவிட்டார்கள். நடுவர் கை தூக்கி, தயாரா என்று கோல்கீப்பரைக் கேட்கிறார். அவனோ கையுறையைச் சரிசெய்கிறவன்போல் குனிந்தே நிற்கிறான். மறுபடி கேட்கிறார், மறுபடி கையுறை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து கையைத் தூக்கினான்.

ஆட்டம் தோற்றுத்தான் போனது. அழுத முகத்தோடு வந்தவனுக்கு ஃபிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "பதினோரு பேரு தோத்ததுக்கு நீ ஒருத்தன் அழுவியா?" என்றீர்கள். அவன் சிரித்ததைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினீர்கள்.

அவன் இப்போது அதிகாரி. அதே கல்லூரியில் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். உங்கள் ஊரிலிருந்து தகவல் வந்ததும் எனக்குத்தான் போன் செய்தான். "அம்மா போயிட்டாங்க" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். அன்றிலிருந்து என் ஒவ்வொரு துஆவிலும் நீங்கள் இருக்கிறீர்கள். நீங்கள் விளக்கேற்றிக் கும்பிட்டவர். நான் கையேந்துகிறவள். கேட்கிறவன் கேட்டுக்கொள்வான்.

இந்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு அவன் எனக்குப் பாஸ் அனுப்பியிருந்தான். போன வாரம் போனேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயோடு உட்கார்ந்தேன். கம்பத்தில் நின்ற பையன் யார் பெற்ற பிள்ளையோ, பெயர்கூடத் தெரியாது. இடைவேளை முடிந்ததும் அவன் தனியாக எதிர்ப்பக்கம் நடந்தான். நானும் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

காவலுக்குப் புது ஆள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு "மாஃபி" என்றார்.

"பாய், பச்சா உதர் ஹை" என்றேன்.