காக்கை தொடாத படையல்

அன்பு மாமாவுக்கு,

அங்கே சௌக்கியமா? இங்கே உங்கள் முதல் திவசம் நல்லபடியாக முடிந்தது. ஆய்வுக்கூடத்துக் குரங்குகளுக்கு நீங்களும் நானும் சேர்ந்து வைத்தியம் பார்த்தோமே, அவற்றில் உங்கள் செல்லமான மருதுவைத்தான் அன்றைக்கே உங்களிடம் அனுப்பிவைக்கப் பார்த்தோம்.

காலையில் செம்மண்டலம் வீட்டு மாடியில் அக்கா இலை போட்டுப் படையல் வைத்தாள். கொண்டைக்கடலைச் சுண்டல், உளுந்து வடை, பாயசம், எல்லாம் உங்களுக்குப் பிடித்தவை. கா கா என்று கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம், ஒரு காக்கையும் எட்டிப் பார்க்கவில்லை. "எம்மேல என்னடா கோவம் அவருக்கு?" என்று கண்ணைக் கசக்கினாள். படையலை டப்பாவில் போட்டு, "லேப் ஆளுங்களாவது சாப்புடட்டும்" என்று கொடுத்தனுப்பினாள்.

சிதம்பரத்தில் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும், தீவனம் வைக்கும் செல்வத்திடம் கதையைச் சொல்லி டப்பாவை நீட்டினேன். நான் அந்தப் பக்கம் போனதும் மனிதர் அதை அப்படியே மருதுவின் கூண்டில் கவிழ்த்துவிட்டார். "காக்கா தொடலன்னா என்னா சார்? டாக்டருக்கு இவன்தான புள்ள மாதிரி!" அளந்து வைத்த தீவனமே தின்று பழகியவன், விடுவானா? வழித்துத் தின்றுவிட்டுத் தண்ணீரையும் முட்டக் குடித்திருக்கிறான்.

மதியம் பார்த்தால் மூலையில் குன்றிக் கிடக்கிறான். வயிறு தவில் மாதிரி உப்பி, மூச்சு வாங்குகிறது. வாயுவை உடனே இறக்காவிட்டால் ஆள் தேறாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இவனும் போனால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று தவித்துப்போனேன், மாமா. மயக்க ஊசி போட்டு, வாய் வழியாக இரைப்பைக்குக் குழாயை விட்டேன். புஸ்ஸென்று காற்று வந்தது பாருங்கள், அறை முழுக்க அக்கா வடையின் பெருங்காய வாசனை! செல்வம் ஒரு பக்கம் அழ, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிரிப் ஏற்றினோம். சாயங்காலம் என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான், பயல்.

பயந்து பயந்துதான் அக்காவிடம் சொன்னேன். "வடையும் தின்னுச்சா?" என்றாள்.

"ஒண்ணு வுடாம."

வாய்விட்டுச் சிரித்தாள். நீங்கள் போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. "அப்ப கோவம் இல்லடா அவருக்கு. வவுறு முட்ட சாப்ட்டுதான் போயிருக்காரு."

அடுத்த வருஷம் காக்கை வரும்வரை நானே மாடியில் நின்று கத்துகிறேன், சத்தியம். மருதுவுக்கு உங்கள் பேரில் ஒரே ஒரு வெள்ளரித் துண்டு.

உங்கள் தட்டிலிருந்து வடை திருடிக் குட்டு வாங்கிய,
உங்கள் மச்சான் பாலு