லைஃப் ஜாக்கெட்டைப் பிரித்துவிட்டேன், அப்பா

கையில் இருக்கிற பேப்பரைக் கொஞ்சம் மடித்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள், என் அப்பா,

உங்கள் முத்து எழுதுகிறேன். செம்பூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் இரண்டும் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே எழுதுகிறேன். எட்டிப் பார்த்தாலும் கவலையில்லை. யாழினிக்குத் தமிழ் எழுத்தில் பாதிதான் தெரியும், கவினுக்கு ஒன்றுமே தெரியாது. அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு இன்று பயமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பயம்தான்.

நாளைக் காலை நாங்கள் படகில் போகிறோம். எலிஃபெண்டா தீவுக்கு விடுகிற பெரிய மோட்டார் படகு இல்லை. கேனோ என்கிறார்கள். ஒல்லியாக, இரண்டு முனையும் கூராக, நாமே துடுப்புப் போட்டு ஓட்ட வேண்டிய படகு. எழுந்து நின்றால் ஆடுமாம். இகத்புரிக்கு அந்தப் பக்கம் ஓர் அணையின் நீர்த்தேக்கம், அதன் எதிர்க்கரையில் காடு. அங்கே போக ரோடு கிடையாது. கடை கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. ஒன்றரை மணி நேரம் துடுப்புப் போட்டு அக்கரை சேர்ந்து, டென்ட் அடித்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை அதே தண்ணீர் வழியாகத் திரும்ப வேண்டும். யாழினிக்கு எட்டு வயது. கவினுக்கு ஐந்து இன்னும் முடியவில்லை.

"ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அதையேதான் உங்கள் மருமகன் சேகரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "குழந்தைங்க மொபைலையே பார்த்துண்டு வளர்றதுகள் முத்து. ஒரு தடவை வானத்தைப் பார்க்கட்டுமே" என்றார். வானம் பார்க்க நம் பில்டிங் டெரஸ் போதாதா? சேகர் மாட்டுங்காவில் வளர்ந்தவர், பள்ளிக்கூடத்திலேயே நீச்சல் கற்றவர். தாராவியில் உங்கள் மகளாக வளர்ந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

லிஸ்ட் போட ஆரம்பித்தேன். கவினின் மூச்சுத் திணறலுக்கான பம்ப், அது நனையாமல் இருக்க ஒரு பை, டார்ச், மாற்றுத் துணி, கொசு மருந்து. மூன்றாவது பக்கம் வந்தபோது பார்த்தால் சாமான் பேர் ஒன்றுகூட இல்லை. காற்று அடித்தால்? பாம்பு வந்தால்? இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விழுந்தால் நான் எதைப் பிடிப்பது? அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். போட்டு என்ன, எல்லாம் மனப்பாடம்.

எங்களைக் கூட்டிப் போகிறவர் பாட்டீல் என்று ஒரு மராட்டிக்காரர். சின்னப் பிள்ளைகளுக்கு அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளை முன்கூட்டியே கொடுத்தனுப்பினார். ஆரஞ்சு நிறம். கவின் அதை மாட்டிக்கொண்டு சோபாவிலிருந்து குதித்துக் குதித்து விளையாடினான். அவனைப் பிடித்து நிறுத்தி, தோள்பட்டையை விரலால் அழுத்தினேன். உள்ளே மெத்தென்று எதுவோ அமுங்கியது. மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூறடி ரோட்டுச் சந்தில், நீங்கள் ஸ்கூல் பை தைத்துக்கொண்டிருந்த பட்டறை. அந்த மழைக்காலத்தில் பை வேலை படுத்துவிட்டது, முதலாளி சேட் லைஃப் ஜாக்கெட் ஆர்டர் பிடித்து வந்தார். எனக்குப் பத்து வயது. மதியச் சாப்பாடு கொண்டு வந்தவள், குவியலில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு உங்கள் முன்னால் நின்றேன். சோற்றுக் கையோடு எழுந்து வந்தீர்களே.

"கழத்து முத்து அத! மொதல்ல கழத்து!"

"ஏம்ப்பா? நல்லாத்தான இருக்கு?"

"உள்ள கெடக்கது டிவி பொட்டியில வார ஸ்பாஞ்சு. தண்ணி குடிக்கும்."

சேட்டிடமும் அதைச் சொன்னீர்கள். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "டூரிஸ்ட் படகுக்குப் போற சரக்குதானே, எவன் குதிக்கப் போறான்? நீ தை" என்றார் ஹிந்தியில். நீங்கள் போய் மிஷினில் உட்கார்ந்தீர்கள். கொஞ்ச நாளில் அந்தப் பட்டறையை விட்டு வேறிடம் போய்விட்டீர்கள். நான் அதோடு மறந்துவிட்டேன்.

மறு வருஷம் பள்ளியில் எலிஃபெண்டா பிக்னிக். நீங்கள் கையெழுத்துப் போடவே மாட்டேன் என்றுவிட்டீர்கள். வகுப்பே போனது, நான் மட்டும் வீட்டில். இரண்டு நாள் உங்களோடு நான் பேசவில்லை. ஜூஹு கடற்கரைக்குப் போனாலும் கணுக்கால் நனைந்ததும் கையைப் பிடித்து இழுத்துவிடுவீர்கள். கஞ்சத்தனம், பிடிவாதம், என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டேன். சில நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டே இட்லிக்கு உட்காருவீர்கள், பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு, "வயிறு செரியில்ல" என்று எழுந்து போய்விடுவீர்கள். வயிறுதான் என்று நம்பிவிட்டேன்.

சரி, ஜாக்கெட் கதைக்கு வருகிறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனதும் உங்கள் தையல் பெட்டியை எடுத்தேன். உங்கள் சின்னக் கத்திரியால் இரண்டு ஜாக்கெட்டின் தோள் தையலையும் பிரித்தேன். ஆமாம், அடுத்தவருடைய சாமானை. கடையில் தைத்த எதையும் உள்ளே பார்க்காமல் நம்பாத குடும்பம் இல்லையா நாம்?

உள்ளே இருந்தது நல்ல சரக்கு, அப்பா. ஒரு ஓரத்தில் விரல் அகலம் நறுக்கி, கல்லைக் கட்டி வாளித் தண்ணீரில் போட்டேன். மதியம் கல்லை அவிழ்த்ததும் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தேன். பொட்டு ஈரமில்லை. அழுகையே வந்துவிட்டது. உடனே மிஷினில் உட்கார்ந்து, உங்கள் பெட்டியில் கிடந்த நூல்கண்டையே கோத்து, நீங்கள் போடுவது போல இரட்டைத் தையலாகப் போட்டு மூடினேன். முன்பு இருந்ததைவிட அழகாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஸ்விம்மிங் பூலில் பாட்டீல் எங்களுக்குப் பயிற்சி வைத்திருந்தார். கவினுக்கு ஜாக்கெட்டை மாட்டப் போனவர் தோளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது யார் தைத்தது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"நான்தான்."

"தையல் ரொம்ப நன்றாக இருக்கிறது மேடம். ஆனால் இதைக் குழந்தைக்குப் போட மாட்டேன். தண்ணீரில் விழுந்தால் இந்தத் தோளைப் பிடித்துத்தான் நான் தூக்குவேன். பிரித்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே திரும்ப ஊசி போனால் துணி தாங்காது. நூலும் வேறு நூல்."

சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். டர்ரென்று வாய் பிளந்துகொண்டது. "மம்மி, ஃபட் கயா! கிழிஞ்சிடுச்சு!" என்று கவின் கைதட்டினான். நல்ல ஜாக்கெட், அப்பா. அதைக் கெடுத்தது நான். எந்த வருஷத்து நூலோ, இற்றுப்போயிருந்தது. அதைப் போட்டு, பெற்ற பிள்ளைக்கு நானே தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பாட்டீல் கோபப்படவில்லை. வண்டியிலிருந்து வேறு இரண்டு எடுத்து வந்தார். ஆனால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு, அப்பா அம்மா இரண்டு பேரும் ஜாக்கெட்டோடு தண்ணீரில் இறங்கிக் காட்டினால்தான் குடும்பத்தைப் படகில் ஏற்றுவார். சேகர் இறங்கினார். பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள். நான் படியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். வீட்டுக்கு வந்து, "யாரும் எங்கயும் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

யாழினி என்னை முறைத்துப் பார்த்து, "நீ வராட்டி போ. நாங்க பப்பா கூடப் போறோம்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை. கணக்குச் சரியாகப் போய்விட்டது, பார்த்தீர்களா?

நீங்கள் போனதிலிருந்து அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். இந்தச் செவ்வாய்க்கிழமை பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளிடம் கிழிந்த ஜாக்கெட் கதையைச் சொன்னேன். அம்மா பூண்டைக் கீழே வைத்தாள்.

"ஒங்கப்பா அந்த ஸ்பாஞ்சு வச்சி நாப்பத்தியோரு சட்டை தச்சாவ" என்றாள். "தச்சு முடிச்சிட்டுத்தான் வேலைய விட்டாவ. அதுக்கப்புறம் பேப்பர்ல எங்கயாச்சும் படகு கவுந்துச்சுன்னு போட்டிருந்தா போதும், 'அது நம்ம சட்டையா இருக்குமோ'ன்னு கேப்பாவ. அன்னைக்கு முழுக்கச் சோறு எறங்காது."

"என்ட்ட ஏம்மா ஒருநாளும் சொல்லல?"

"பெத்த புள்ளட்ட சொல்லுத சங்கதியாட்டி அது?"

நான் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷம், அப்பா. கேரளத்தில் கவிழ்ந்தாலும், ஒரிசாவில் கவிழ்ந்தாலும் நம் வீட்டில் ஒரு தட்டு இட்லி மிச்சமாகியிருக்கிறது. நீங்கள் தைத்த அந்த நாற்பத்தொன்றும் எங்கே போயிற்று? யாராவது போட்டார்களா? போட்டவர்கள் விழுந்தார்களா? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியப்போவதில்லை. தப்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் எனக்கு ஒரே ஒரு தையல் கிழிந்ததற்கே இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நாற்பத்தொன்றை எப்படித் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள்?

"நான் என்னம்மா செய்ய?" என்று அம்மாவைக் கேட்டேன். "போன்னும் சொல்ல மாட்டேன், போவாதன்னும் சொல்ல மாட்டேன். நல்ல சரக்கான்னு பாக்க ஒனக்குத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டுப் பூண்டை எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே மறுபடியும் பூலுக்குப் போனேன். முப்பத்தொன்பது வயதில், சல்வாரோடு, முதல் தடவையாக. இந்தத் தடவை ஜாக்கெட்டைப் பிரிக்கவில்லை, அழுத்தி மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு படியாக இறங்கினேன். மார்பு வரை தண்ணீர் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். "மேடம், காலைத் தரையிலிருந்து எடுங்கள்" என்கிறார் பாட்டீல். எப்படி எடுப்பது? எடுத்தால் கீழே என்ன இருக்கிறது? யாழினி பக்கத்தில் மிதந்து வந்தாள். இரண்டு நாள் கழித்துப் பேசிய முதல் வார்த்தை, "மம்மி, சோட் தோ. விட்டுடு" என்பதுதான். விட்டேன்.

தாங்கியது, அப்பா. முதுகில் யாரோ கை கொடுத்தது போல அப்படியே தூக்கிவிட்டது. நான் கத்திய கத்தில் பூலே திரும்பிப் பார்த்தது. சந்தோஷத்தில் கத்தினேன் என்று சேகர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பயத்தில்தான் கத்தினேன்.

பயம் போகவில்லை. பைகள் கதவோரம் நிற்கின்றன. பம்பை மூன்று முறை எடுத்துப் பார்த்தாயிற்று, கவின் ஜாக்கெட்டோடுதான் சாப்பிடுகிறான். போகாமல் இருந்துவிடலாமா என்று இந்த வரியை எழுதும்போதும் தோன்றுகிறது. ஆனால் நான் போகாமல் போன பிக்னிக் போல ஒன்றை யாழினிக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

நாளைக்கு எங்களோடு இன்னும் மூன்று குடும்பங்கள் வருகின்றன. மொத்தம் பதினாறு ஜாக்கெட்டுகள். பாட்டீலிடம் கேட்டுவிட்டேன். கரையில் வைத்து அந்தப் பதினாறையும் நான் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன், தோள் தையலை இழுத்துப் பார்ப்பேன். எங்கள் நாலு மட்டுமில்லை, ஊர் பேர் தெரியாதவர்கள் பிள்ளைகளுடையதையும்தான். "தாராளமாகப் பாருங்கள், கத்திரி மட்டும் கொண்டுவராதீர்கள்" என்றார். கத்திரியை உங்கள் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவோம். இது சத்தியம், அப்பா. திங்கட்கிழமை காலையில் உங்கள் படத்துக்கு முன்னால் நாலு இட்லியும் அன்றைய பேப்பரும் வைக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடுங்கள். நாங்கள் அதில் இருக்க மாட்டோம். அன்றைக்காவது தட்டைத் தள்ளாமல் சாப்பிட்டுவிடுங்கள்.

ஈரச் செருப்போடு வந்து நிற்கப்போகிற,
உங்கள் மகள் முத்து