என் கை நடுங்கவில்லை

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. நீயும் நலமாகத்தான் இருப்பாய், விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

எங்கள் ஆய்வகப் பேராசிரியர் உனக்குப் போன் பண்ணினாராமே, நீ அவரிடம், அம்மாவுக்கு வயசாச்சு சார், கை நடுங்குது, அந்தச் சோதனைப் பதிவுகளை அழிச்சிடுங்கன்னு சொன்னாயாம். ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒற்றை நரம்புச் செல்லில் முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியை வைக்கிற கை இது. என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? ஒரே அளவு மின்துடிப்பை நொடிக்கு ஒன்றாகக் கொடுத்தபோது அந்தச் செல் ஒவ்வொரு துடிப்புக்கும் தன் துடிப்பால் பதில் சொன்னது. நொடிக்கு இருபதாகக் கூட்டினேன், கொஞ்ச நேரத்தில் சிலதுக்குப் பதில், சிலதுக்கு மௌனம், நாலு மணி நேரம் பார்த்தும் ஒரு ஒழுங்குக்கு வரவில்லை, பேசுவதற்கும் பேசாததற்கும் நடுவில் விளிம்பிலேயே நின்றது. பேராசிரியருக்கு வேண்டியது வழவழவென்று ஒரு சராசரிக் கோடு. மௌனமெல்லாம் உங்கள் கைப்பிழை, அழித்துவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகுதான் உன்னைப் போனில் பிடித்திருக்கிறார்.

மறுநாள் செல் இருந்த இடத்தில் வெறும் மின்சுற்றை மாட்டி அதே துடிப்புகளை அனுப்பினேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. அப்புறம் பக்கத்துச் செல்களின் தொடர்பை மருந்து விட்டுத் துண்டித்துப் பார்த்தேன், தனியாக இருந்தும் அதே ஆட்டம். காரணம் கருவியும் இல்லை, அக்கம்பக்கத்துச் செல்களும் இல்லை, அந்தச் செல்லின் சுபாவமே அதுதான். எல்லாவற்றையும் கொண்டுபோய் எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் அம்மையார் மேஜையில் போட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒரு பதிவையும் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். பேராசிரியர் இப்போது என் முகத்தையே பார்ப்பதில்லை, என் நாற்காலியை ஜன்னல் இல்லாத அறைக்குத் தள்ளிவிட்டார், தள்ளட்டும். பேராசிரியரைப் பகைத்துக்கொண்டால் அம்மாவின் வேலை போய்விடும், அதைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று அப்பாவிடம் அழுதாயாம். காப்பாற்றுகிற லட்சணமா இது? நீயும் இதே வேலைதானே பார்க்கிறாய், நாளைக்கு உன் மேஜையில் ஒரு செல் பேசாமல் போனால் அதையும் அழித்துவிட்டுப் போவாயா?

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நன்றாக இரு, அதில் எனக்குக் குறையில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அம்மா கை நடுங்குகிறது என்று நீ சொன்னது பொய் என்று பேராசிரியருக்கு எழுது, இயக்குநருக்கும் ஒரு பிரதி அனுப்பு. அதுவரைக்கும் நீ கூப்பிட்டால் அப்பாதான் எடுப்பார்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தணியாத உன் அம்மா