நின்று எரிந்த நான்காவது விளக்கு

பாலக்காடு பேருந்து நிலையத்துக்கு எதிரே கைபேசி பழுது பார்க்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. என் கைபேசியில் சார்ஜ் ஏறவில்லை என்று நேற்று ஒரு கடையில் போய் நின்றேன். கடைக்காரர் சால்டரிங் அயர்னை வைத்ததும் ஓர் இழை புகை எழுந்தது. ஈயமும் பிசினும் சேர்ந்து உருகும் அந்த வாசனை. எனக்குக் கண் கலங்கியது. புகை பட்டுவிட்டதென்று நினைத்து அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். துக்கத்துக்கு இந்தக் காலத்தில் கிடைக்கும் உபசாரங்களில் இது மோசமில்லை.

சில வாரங்களுக்கு முன் உன் தங்கை போடியிலிருந்து போன் செய்தாள். "அண்ணன் தூக்கத்துலயே போயிருச்சு" என்றாள். இறந்தவர்களுக்கு மடல் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய காலத்திலேயே எனக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில், சித்தூர் போகும் சாலையில் இருந்த நம் ஆலை எடைப்பொறிகள் செய்தது. அதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மினி கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பெயர்தான் மினி, கதவை நிலையோடு கழற்றித்தான் உள்ளே ஏற்றினார்கள். உதிரிபாகங்களின் இருப்பை அது கணக்கிட வேண்டும். அதற்கு நிரல் எழுத நான், அதைப் பழுது பார்க்க நீ. எனக்கு வேலை நிரந்தரம், உனக்குத் தற்காலிகம். ஆண்டு முடிவுவரை மெஷின் ஒழுங்காக ஓடினால் உன்னையும் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஊழியர்களை விட்டுவிட்டு இயந்திரத்திடம் நன்னடத்தைச் சான்று கேட்ட ஆலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நிரந்தரம் என்பது உனக்குச் சம்பள விஷயமாக இருக்கவில்லை. உன் அப்பாவும் அம்மாவும் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்தார்கள். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் சட்டிபானையோடு இறங்கிவிட வேண்டும். அவர்கள் ஓய்வு பெறும் வருடம் அது. நிரந்தர ஊழியருக்கு மட்டுமே ஆலைக் குடியிருப்பில் வீடு. கிழக்குக் கோடியில் ஒரு வீடு காலியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து வந்ததும் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போவாய். ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்ப்பாய். பிறகு வாசலைப் பார்ப்பாய். வாசலைத்தான் அதிக நேரம் பார்ப்பாய்.

"அம்மா பொறந்ததுலருந்து சரிவுலயே கெடக்குண்ணே. ஒரு கொடத்த இறக்கி வச்சா உருளாத வாசல் வேணும்னு சொல்லும். வேற ஒண்ணும் கேட்டதில்ல."

இந்தச் சமயத்தில்தான் நவராத்திரி வந்தது.

நம் பக்கத்தில் ஆயுத பூஜைக்குக் கருவிகளைப் பூஜையில் வைத்துவிட்டால், விஜயதசமியன்று காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் அவற்றைத் தொடக்கூடாது. தச்சன் உளியைத் தொடமாட்டான், பிள்ளைகள் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். பிள்ளைகள் இதைப் பக்தியோடு கடைப்பிடிப்பார்கள். அந்த வருடம் கம்ப்யூட்டரையும் ஆயுதங்களில் சேர்த்தார்கள். சந்தனம், குங்குமம், செம்பருத்தி மாலை. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, முகப்பில் இருக்கும் சின்ன விளக்குகள் வலமிருந்து இடமாக ஓடும்படி நான் ஒரு நிரல் போட்டிருந்தேன்.

ஜெனரல் மானேஜர் என் தெருக்காரர். என் அப்பாவோடு படித்தவர். அவர் தேங்காயை உடைத்து, தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து, மாவிலையால் ஒவ்வொரு எந்திரத்துக்கும் தெளித்துக்கொண்டே வந்தார். நீ முன்னால் போனாய்.

"சார், ஒரு நிமிசம். மெஷின அமத்திட்டுத் தெளிக்கலாம் சார்."

"பூஜை நடக்கறச்சே விளக்கை அணைக்கப்படாதுன்னு தெரியாதா? நகரும்."

தெளித்தார். மெஷினின் மேல்பக்கத்தில் இருந்த காற்றாடி அதைத் தீர்த்தம் என்று அறியாமல் உள்ளே இழுத்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த விளக்குகளில், வலது பக்கத்திலிருந்து நான்காவது, ஓடாமல் அப்படியே நின்றுவிட்டது. ஜெனரல் மானேஜருக்கு முகம் மலர்ந்தது.

"பாத்தேளா! நின்னு எரியறது. நல்ல சகுனமாக்கும்."

நீ சுவிட்ச்சை அணைக்கக் கை நீட்டினாய். பூஜை எடுக்கவில்லை, தொடாதே என்று பின்னாலிருந்து நாலு குரல். விஜயதசமி வரைக்கும் அது ஈரத்தோடும் மின்சாரத்தோடும் பூஜையில் இருந்தது. நீ கதவருகே பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாய்.

பூஜை எடுத்த பிறகு மெஷின் கணக்குப் போட்டது. ஐந்து என்று கொடுத்தால் பதின்மூன்று என்றது. ஒன்பது என்று கொடுத்தால் ஒன்பது என்றது. விளக்குகளின் மதிப்பு வலமிருந்து ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டிக்கும், நான்காவதன் மதிப்பு எட்டு. அது அணைய மறுத்ததால், எட்டு இல்லாத இடத்திலெல்லாம் ஓர் எட்டைச் சேர்த்துக்கொண்டது. ஏறக்குறையப் பாதி விடைகள் சரியாக இருந்ததால் அலுவலகத்தில் யாரும் கவலைப்படவில்லை. கையால் போட்ட காலத்தில் அந்த அளவுகூட இல்லை என்றார்கள்.

நீ போர்டை இழுத்து மேசையில் வைத்தாய். இன்று சில்லு என்கிறார்கள். நாம் ஐசி என்போம். கறுப்பு ஐசிகள் தோட்டத்து லயங்களைப் போல வரிசை வரிசையாக இருந்தன. சோதனைக்கூடத்து ஆசிலோஸ்கோப்பை இரவல் வாங்கி, அதன் ஊசியால் ஐசிகளின் ஒவ்வொரு உலோகக் காலையும் தொட்டுத் தொட்டுத் திரையில் அலையைப் பார்த்துக்கொண்டே போனாய். ஓர் இடத்தில் நின்றாய்.

"உள்ள போற சிக்னல் நல்லாத்தாண்ணே போகுது. வெளிய வர்றது கல்லு மாதிரி நிக்குது."

"அப்போ இதுதான் கெட்டது. கழட்டிடு."

"அவசரப்படாதீக. ஒரே கம்பியில ரெண்டு பேரு இருக்காக. இவனாத்தான் கையத் தூக்கிட்டு நிக்கானா, இல்ல அடுத்த ஐசி இவன் கையப் புடிச்சு இழுத்து வச்சிருக்கானான்னு பாக்கணும். பிரிச்சு வச்சுக் கேக்காம யாரையும் கெட்டவன்னு சொல்லக் கூடாது."

அந்த ஒரு காலை மட்டும் வெட்டிப் பிரித்தாய். பிரித்த பிறகும் அவன் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றான். அடுத்தவன் நிரபராதி. அதன்பின் மற்றக் கால்களையும் உடம்போரமாக வெட்டி, உடம்பை எடுத்துவிட்டு, போர்டில் மிச்சமிருந்த கால்களை ஒவ்வொன்றாகச் சூடு காட்டி உருவினாய். "ஐசி போனாப் போகுது, போர்டு போயிரக் கூடாது" என்பாய். ஐசி இருந்த இடத்தில், காய்ந்த பிசுக்கும் அதன் மேல் நாலைந்து சிற்றெறும்புகளும் இருந்தன. நீ அவற்றை ஊதக்கூட இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாய்.

ஐசியின் முதுகில் கம்ப்யூட்டர் செய்த கம்பெனி தன் சொந்த எண்ணைத்தான் அச்சடித்திருந்தது. அந்த எண்ணைச் சொல்லி உலகத்தில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது செய்த வேலையையும் கால்கள் இருந்த வரிசையையும் வைத்து, சந்தையில் அதற்கு என்ன பெயர் என்று நீ கண்டுபிடித்தாய். கோயம்புத்தூர் போய் ஒரு ரேடியோ சாமான் கடையில் வாங்கினோம். திரும்பும்போது பேருந்து வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் குத்தி வைத்திருந்த ஐசியை எடுத்து நீ வெளிச்சத்தில் பார்த்தாய். பக்கத்தில் இருந்த மாட்டுத் தரகர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதென்னங்க, மரவட்டைங்களா?"

"கணக்குப் போடுற பூச்சிங்க."

"இத்தனை காலு இருக்குது. ஓடுமுங்களா?"

"ஓடலைன்னா என் பொழப்பு போச்சுங்கய்யா."

அவர் உன் கையைப் பிடித்துத் திருப்பி நன்றாகப் பார்த்தார். "ஒரு காலு வளைஞ்சிருக்குதுங்க. சந்தைக்குக் கொண்டாந்தீங்கன்னா வெல படியாதுங்க." நீ நகத்தால் அந்தக் காலை நிமிர்த்திவிட்டுச் சிரித்தாய். அந்த வருடத்தில் நான் பார்த்த உன் கடைசிச் சிரிப்பு அது.

புது ஐசியைப் பற்றவைத்து, சாராயத்தில் நனைத்த பஞ்சால் போர்டைத் துடைத்து உள்ளே தள்ளினாய். ஐந்து என்று கொடுத்தோம். ஐந்து என்றது. நான்காவது விளக்கு அணைந்து கிடந்தது. ஒரு விளக்கு அணைந்ததற்காக இரண்டு ஆண்கள் கைகுலுக்கிக்கொண்டோம்.

மெஷின் ஏன் கெட்டது என்று மறுநாள் ஜெனரல் மானேஜர் அறையில் விசாரணை. போகும் வழியில் நான் சொன்னேன்: "ஈரப்பதம்னு சொல்லிடு. மழைக்காலம்தானே. யாருக்கும் மனஸ்தாபம் இல்லை."

"சொல்லலாம்ணே. ஆனா அடுத்த வருசமும் தெளிப்பாகளே."

நான் விசாரணை அறைக் கதவைத் திறந்துவிட்டேன்.

ஜெனரல் மானேஜர் கேட்டார்: "என்ன கேடு ஆச்சு மெஷினுக்கு?"

"தேங்காத் தண்ணி சார்."

"என்னது?"

"பூஜையில தெளிச்சீகல்ல சார், அது உள்ள போயிருச்சு. ஐசிக்கு அடியில எறும்பு இருந்துச்சு. இனிமே அமத்திட்டுத் தெளிச்சா ஒண்ணும் ஆகாது சார்."

"லேத்துக்கும்தான் தெளிச்சேன். லேத்து ஓடலையா?"

"லேத்து இரும்பு சார்."

நிர்வாக அதிகாரி, மேசையைப் பார்த்துக்கொண்டே, மெல்லச் சொன்னார்: "அவனுக்கு நம்ம பூஜை பிடிக்கலை. அதாக்கும் விஷயம்."

நான் எழுந்தேன். "நானும் பார்த்தேன் சார். தேங்காய்த் தண்ணிதான்."

ஜெனரல் மானேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் அப்பனுக்கும் இதே நாக்குதான், கேட்டியா. எதிலயும் ஒரு நையாண்டி!" எல்லாரும் சிரித்தார்கள். அதே வாக்கியம், அதே எறும்பு. உன் வாயிலிருந்து வந்தபோது அது மத துவேஷம். என் வாயிலிருந்து வந்தபோது நகைச்சுவை. நான் சிரிக்காமல் இன்னொரு தடவை சொன்னேன். இன்னும் நன்றாகச் சிரித்தார்கள். பிற்பாடு நையாண்டி எழுத்தாளன் என்று எனக்குப் பெயர் வந்தது. உண்மையைச் சிரிக்காமல் சொன்னால் நம் ஊரில் அந்தப் பெயர் கிடைக்கும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

ஆண்டு முடிவில் உனக்கு ஆணை வந்தது. இறக்குமதி மெஷினை அனுமதியில்லாமல் தொட்டது தவறு. மேலும், தொட்டபிறகு மெஷின் பழுதில்லாமல் ஓடுவதால், பழுது பார்க்க நிரந்தர ஆள் தேவையில்லை. நீ படித்துவிட்டு என்னிடம் நீட்டினாய். "ரெண்டும் சரியாத்தாண்ணே எழுதியிருக்காக" என்றாய்.

நீ போடிக்குப் போனாய். உன் பெற்றோர் லயத்தைக் காலி செய்துவிட்டு மெட்டு இறங்கி வந்தார்கள். ஒரு ரேடியோ கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. வாசல் என்று ஒன்று இல்லை, படியிறங்கினால் நேரே சாக்கடை.

இங்கே அடுத்த ஆயுத பூஜைக்கும் தெளித்தார்கள். இந்தத் தடவை எல்லா விளக்குகளும் நின்று எரிந்தன. திறந்து பார்க்க ஆளில்லை. மெஷின் இருந்த குளிர்சாதன அறை ஜெனரல் மானேஜருக்கு வேண்டியிருந்தது. வெளிநாட்டுச் சாமான், வெயில் மழை படக்கூடாது என்று, கிழக்குக் கோடி வீட்டில் மெஷினை ஏற்றிப் பூட்டினார்கள். கடைசியில் அதற்கு வீடு கிடைத்துவிட்டது.

அதற்கடுத்த கோடையில் நான் போடிக்கு வந்து, உன் கடையில் வைத்து இதைச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தாய். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாய். பிறகு சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாய். உன் அம்மா எனக்கு மொச்சைக் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏஞ்சாமி, அந்த ஊர்ல ஒரு வீடு பாத்து வச்சிருந்தான்ல இவன். சமமான வாசலுன்னானே. அத யாருக்குக் குடுத்தாக?"

நீ நிமிரக்கூட இல்லை.

"குடுத்துட்டாகம்மா. நல்ல குடும்பம். சத்தமே கிடையாது."

"அப்படியா. புள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்" என்று அவர் அந்தக் குடும்பத்துக்காகக் கண்ணை மூடி ஜெபித்தார். நீயும் தலையைக் குனிந்து ஆமென் சொன்னாய்.

அவரும் போய்விட்டார், இப்போது நீயும். அந்த ஜெபம் என்னிடம் இருக்கிறது. அதை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.