வாயடைத்த பெட்டி

ஆகஸ்ட் 4, திங்கள்
ஓணத்துக்கு இன்னும் ஒரு மாதம். ஏத்தன் வாழைக்குலை விலை இப்போதே ஏறுகிறது. வடசேரிக் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை, குலையும் மிஞ்சவில்லை. ஆனால் பாங்குக் கணக்கில் வந்து சேரும் பணம் குறைகிறது. பழம் அழுகலாம். பணம் அழுகுமா?
கல்லாவில் நிற்பது என்னிடம் வேலை பார்க்கும் சுனிதா. நினைக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 5
சுனிதாவிடம் கேட்டேவிட்டேன். “போனுல பச்ச டிக் காட்டுனாவ, பழத்த குடுத்தேன். வேற என்ன செய்யதுக்கு?” என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அந்த சவுண்டு பெட்டிக்கு வாய தொறந்து விடுங்க யக்கா. பைசா வந்தா அதுவே சொல்லும்லா” என்றாள்.
சொல்லும். அதுதானே தொல்லை! பக்கத்துப் பழக்கடை முருகதாஸின் காது சும்மா இருக்குமா? வரும் ஒவ்வொரு தொகையையும் பெட்டி நாள் முழுக்கக் கத்தினால் என் வியாபாரம் மொத்தமும் அவனுக்கு மனப்பாடம். கண்ணு வைப்பான், போட்டிக்கு விலையையும் குறைப்பான். வாங்கிய அன்றே அதன் சத்தத்தை அடைத்தவள் நான்.

ஆகஸ்ட் 7
சுனிதாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நானே கல்லாவில் நின்றேன். இன்றும் குறைகிறது! அப்போ எடுத்தது அவள் இல்லை.
ஒன்று கவனித்தேன். ஓட்டல்காரர்கள், பழைய ஆட்கள் பணமெல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. அவர்கள் என் போன் நம்பருக்கு அனுப்புகிறவர்கள். வராதது, கடை மேசையிலுள்ள க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்த புது ஆட்களின் பணம் மட்டும். அது ஏன்?

ஆகஸ்ட் 8
கடைக்கு வெளியே போய், பழம் வாங்க வந்தவளைப் போல நின்று, என் அட்டையை நானே ஸ்கேன் செய்தேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சத்தியபாய் என்று என் பெயர் வரவில்லை. யாரோ ஒரு ஏஜென்சி!
நகத்தால் சுரண்டினேன். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர். ஓரம்கூடத் தெரியாமல் அளந்து ஒட்டியிருக்கிறான். களவாணிப் பயலானாலும் வேலை சுத்தம். எப்போது ஒட்டினான்? செந்துளுவன் பழம் விலை கேட்டுக்கொண்டே மேசையில் கை ஊன்றி நின்றானே, அவனா?
சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். “உங்க சவுண்ட் பாக்ஸ் என்னாச்சும்மா?” என்றார்கள். “நாந்தான் அதுக்க வாய அடச்சு வச்சேன்” என்றேன்.
பிறகு சுனிதாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.
“என்னைய கள்ளின்னு நெனச்சியளா?”
“ஆமாட்டி. நெனச்சேன்.”
போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 9
சுனிதா வரவில்லை. ஓணக் கூட்டத்தை அவளில்லாமல் எப்படிச் சமாளிப்பேன்? கூட்டம் கிடக்கட்டும். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஆகஸ்ட் 11
ஆரல்வாய்மொழிக்கு, அவள் வீட்டுக்கே போனேன். காப்பி தந்தாள், சிரிக்கவில்லை. “பெட்டி பேசணும். இல்லேன்னா நான் வரமாட்டேன். நாளைக்கும் பைசா கொறஞ்சா நீங்க என் மூஞ்சியத்தானே பாப்பிய?” நியாயம்தான். சரியென்றேன்.

ஆகஸ்ட் 23, சனி
சுனிதா திரும்பி வந்துவிட்டாள். தினமும் காலையில் கடை திறந்ததும் தன் போனிலிருந்து ஒரு ரூபாய் போட்டு, என் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகே வியாபாரம். பெட்டி தொண்டை கிழியக் கத்துகிறது. நான் பயந்தது அப்படியே நடந்தது. “யக்கா, நேத்தைக்கி யாவாரம் ஜாஸ்திதான் போலயே!” என்று முருகதாஸ் தினமும் ஓதுகிறான்.
இன்று மதியம் ஒருவன் இரண்டு குலை எடுத்துப் பச்சை டிக் காட்டினான். நல்ல கூட்டம். சுனிதா குலையைத் தூக்கிக் கொடுக்கப் போனாள். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கத்தல்:
“எம்மா சுனிதா, நில்லு! பெட்டி இன்னும் மிண்டலியே!”
“நெட்வொர்க் இல்ல” என்றான் அந்த ஆள். “அப்ப பெட்டி பேசுனப்பொறவு கொண்டு போங்க” என்றாள் சுனிதா. இதோ வருகிறேன் என்று போனவன் வரவேயில்லை. டிக் காட்டுவதற்கென்றே போலி ஆப் இருக்கிறதாம்! அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.
முருகதாஸுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். “ஏலே, எப்பவும் எங் கடையத்தான் கேட்டுக்கிட்டு இருப்பியா?”
“பின்ன?” என்றான் வெட்கமே இல்லாமல். சுனிதா சிரித்துவிட்டாள். பார்த்து எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பை.
நாளைக்குப் பெட்டியைக் கொஞ்சம் அவன் பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும்.